தாளும் மண்ணெண்ணெயும் தபாலும்



வெளிநாட்டு இதழில் ஆங்கிலக் கட்டுரை வெளிவர வேண்டுமானால் விஷயம் கனமாக இருக்க வேண்டும், இலக்கணம் பிசகக் கூடாது. அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அது போதாது என்பதைப் பட்டறிந்து, அதையே தம் ஆய்வாக்கிக்கொண்டவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணத் தமிழர். இரண்டாம் மொழியில் எழுதுவதைப் பற்றி இன்று உலகில் யார் பேசினாலும் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1984 முதல் 1994 வரை அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். அந்தப் பத்தாண்டின் கடைசி வருடங்களை நினைத்துப் பாருங்கள். போர் நடக்கிறது. மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் யானை விலை. எழுதத் தாளுக்கும் தட்டுப்பாடு. இதழ்களோ, நல்ல வெள்ளைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்து, பல பிரதிகள் தபாலில் அனுப்பச் சொல்லும். ஒரு பத்தியை மாற்றினால் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். தாளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஊரில் எத்தனை தடவை திருத்துவது? அண்மைக்கால ஆய்வுகளைக் காட்டவில்லையே என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அந்த இதழ்கள் நூலகத்துக்கு வந்தால்தானே படிக்க முடியும்!

இதையெல்லாம் 1996இல் ஒரு கட்டுரையாகவும், 2002இல் ‘எ ஜியோபாலிடிக்ஸ் ஆஃப் அகடமிக் ரைட்டிங்’ என்ற நூலாகவும் எழுதினார். ஒரு சிந்தனை உலக அரங்குக்கு வராமல் போனால் அதில் சரக்கில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தாளும் தபாலும் கிடைக்காததாலேயே வாசலில் நின்றுவிட்ட ஆய்வுகள் உண்டு என்பது அவர் வாதம். இந்த இரண்டும் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகே வெளிவந்தன. அவர் சொன்ன தடைகள் மெய் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

அதற்கு முன்பே, 1993இல், தம் வகுப்பறையைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. மாணவர்கள் கையில் அமெரிக்கப் பாடநூல். அதில் வரும் மனிதர்களும் ஊர்களும் அவர்களுக்கு அந்நியம். பரீட்சையில் தேற வேண்டுமே என்று படித்தார்கள். ஆனால் பக்கங்களின் ஓரங்களில் படம் வரைந்தார்கள், பாட்டு எழுதினார்கள், அரசியல் முழக்கங்கள் எழுதினார்கள். புத்தகத்தைப் பாழாக்குகிறாயே என்று வேறொருவர் அதட்டியிருப்பார். அவரோ ஒவ்வொரு கிறுக்கலையும் வாசித்தார். வாய்விட்டுச் சொல்லாத மறுப்பு அதில் இருக்கக் கண்டார். அந்தக் கட்டுரையை வெளியிட்ட ‘டெசோல் குவாட்டர்லி’ இதழுக்கே 2005இல் அவர் ஆசிரியரானார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2006இல் வந்த இன்னொரு கட்டுரை. ஈழத்துத் தமிழறிஞர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் மூன்று ஆய்வுக் கட்டுரைகளை அதில் அருகருகே வைத்துப் பார்க்கிறார். ஒன்று உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது, ஒன்று உள்ளூர் வாசகருக்கே ஆங்கிலத்தில், மற்றொன்று வெளிநாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில். எழுதியவர் ஒருவர்தான், ஆனால் தொடங்கும் விதமும் வாசகரிடம் பேசும் குரலும் மாறுகின்றன. ‘தாய்மொழி இழுக்கிறது, அதனால்தான் ஆங்கிலம் இப்படி வருகிறது’ என்ற பழைய விளக்கம் இங்கே எடுபடவில்லை. இன்னாருக்கு இன்ன விதமாகச் சொல்ல வேண்டும் என்று அறிந்தே எழுதியிருக்கிறார் சிவத்தம்பி. தாய்மொழியை ஒரு குறையாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு!

இந்த வழியில் மேலும் நடந்து, மொழிகளுக்கிடையே கறாரான எல்லை கிடையாது என்ற கருத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஜப்பானிலிருந்து வந்து இதே துறையில் பெயரெடுத்த பால் கெய் மட்சுடாவும் வேறு சிலரும் 2015இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இந்தப் புதிய போக்கு வேறு, இரண்டாம் மொழி எழுத்தாய்வு வேறு, ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்காதீர்கள் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. சிவத்தம்பியைப் போலக் கைதேர்ந்தவருக்கு முன்னால் பல வழிகள் திறந்திருக்கும். முதலாம் ஆண்டு மாணவிக்கு முதலில் பிழையில்லாத ஒரு ஆங்கிலப் பத்தி கைவர வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர், அவள் தமிழில் எழுதியதையும் ஒரு தடவை வாங்கிப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுக்கட்டும்.