இடந் தவறிய எலும்பு

முழங்கை முறிந்து கட்டுப் போட்டுக் குணமானவர்களுள் சிலர், ஓரிரு மாதங்கள் சென்றபின் கையை மடக்கவும் நீட்டவும் இயலாமல் அல்லலுறுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். முறிந்த எலும்பு நன்றாகவே கூடியிருக்கும். ஆனால் மூட்டைச் சுற்றியுள்ள தசையில், எலும்பே இருக்கக் கூடாத இடத்தில், புதிதாக எலும்பு முளைத்திருக்கும். மருத்துவர்கள் இதனை ‘ஹெடரோடோபிக் ஆசிஃபிகேஷன்’ என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான் ‘இடந் தவறிய எலும்பாக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன். இதனினும் நல்ல சொல் கிடைக்கும்வரை இது இருக்கட்டும்.

முதல் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்து கால் விளங்காமற்போன வீரர்களிடம் இதனைக் கண்டு, பாரிஸ் மருத்துவப் பெண்மணி அகஸ்தா டெஜரீன்-க்ளூம்ப்கே, சக ஆய்வாளர் ஒருவருடன் 1918-இல் விவரித்தார். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் இழந்த அமெரிக்க வீரர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த எஞ்சிய உறுப்புகளில் 63 சதவீதத்தில் இவ்வெலும்பு காணப்பட்டது. செயற்கைக் கால் பொருந்தும் இடத்தில் இது முள்ளாக உறுத்தினால் நடப்பது எங்ஙனம்?

யாருக்கு இது வரும் என்று முன்னறிதல் ஏன் அவசியம்? எக்ஸ்-ரே படத்தில் இது புலப்பட மூன்று, நான்கு வாரங்களாவது ஆகும். தடுப்பு முறைகளையோ தொடக்கத்திலேயே கையாள வேண்டும். அறுவைக்குப் பின் மூன்று நாட்களுக்குள் ஒரே தடவை கதிர்வீச்சு செலுத்துவர்; அல்லது இண்டோமெதசின் மாத்திரையைச் சில வாரங்கள் கொடுப்பர். அம்மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கக் கூடும். வேண்டாத எலும்பைத் தடுப்பதோடு, முறிந்த எலும்பு கூடுவதையும் கெடுக்கக் கூடும். ஆகவே அடிபட்ட அனைவருக்கும் கொடுப்பதற்கில்லை.

தலையிலோ தண்டுவடத்திலோ கூடவே அடிபட்டிருத்தல், வெடி விபத்து, பெருந் தீக்காயம், முழங்கையில் முறிவும் நழுவலும் ஒருங்கே நேர்தல் ஆகியவை அபாயக் குறிகள். இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்வதும் ஒரு குறியே; ஆயினும் எலும்பு முறிந்தாலே அது உயரக் கூடுமாதலால், அதனை மட்டும் நம்புவதற்கில்லை. காயத்தில் கசியும் நீரிலுள்ள அழற்சிப் புரதங்களை அளந்து முன்னறியவும் ஆய்வாளர் முயன்று வருகின்றனர்.

நம் நாட்டில் நாமே வருவித்துக்கொள்ளும் காரணம் ஒன்றும் உண்டு. அடிபட்ட முழங்கையை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பதே அது. உறவினர் அருகில் இல்லாத ஊரில், அண்டை வீட்டார் அன்போடு தைலமும் கையுமாக வரும்போது மறுப்பது கடினந்தான். மறுத்துவிடுங்கள், குழந்தைகள் விஷயத்தில் கட்டாயம் மறுத்துவிடுங்கள். மடங்காத கையைப் பிறர் வலுவில் மடக்கவும் இடங்கொடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில், அடிபட்டவரே மெல்ல அசைத்துப் பழகட்டும். சில வாரங்களில் மூட்டு சூடாகி வீங்கி, அசைவு நாளுக்கு நாள் குறைந்து வந்தால், எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.