உடையை ஏற்றவர் உரிமையை ஏற்றனரா?



அயல்நாடு செல்லும் தலைவர் அந்நாட்டு உடையை அணிவது, அம்மக்களைப் போற்றுவதாகும் என்பர். அஃது உண்மையாயின், அவ்வாட்சியின்கீழ் நசுங்குவோர் துயரையும் அவர் செவி ஏற்க வேண்டுமன்றோ?

1994 நவம்பர் 15-இல் இந்தோனேசியாவின் போகோர் நகரில் ஆசிய, அமைதிப் பெருங்கடல் நாட்டுத் தலைவர்கள் கூடினர். அமெரிக்கத் தலைவர் கிளிண்டன் உட்பட அனைவரும், மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிச் சட்டை அணிந்து படத்திற்கு நின்றனர். விருந்தளித்தவர் சுகார்த்தோ. 1975-இல் கிழக்குத் திமோருக்குள் படை செலுத்தியவர் அவரே! 1991 நவம்பர் 12-இல் திலி நகர இடுகாட்டில், ஊர்வலம் வந்த இளைஞரைச் சுட்டு வீழ்த்தியதும் அவர் படையே!

அப்படுகொலையின் மூன்றாம் ஆண்டு நினைவு நாளில், மாநாட்டிற்கு மூன்று நாள் முன்னர், திமோர் இளைஞர் 29 பேர் சகார்த்தாவின் அமெரிக்கத் தூதரக வேலியைத் தாண்டிக் குதித்து நயன்மை கேட்டனர். விருந்தினர் சட்டைக்கு அளவு தந்தனர். திமோரின் விடுதலைக்கு நாள் தரவில்லை.

1999-இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 78 பேருக்கு மேல் பிரிவினையையே விரும்பினர். அதன் பின்னும் ஊர்கள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. 2002 மே 20-இல் திமோர் தனிநாடாயிற்று.

பத்திக் தீட்டிய கைகள்மேல் பழியில்லை. அது சாவக மக்களின் அருங்கலை. ஆனால், அரண்மனையில் பெற்ற உடை அரண்மனைக்கே பெருமை சேர்க்கும். மக்களைப் போற்ற விழைவோர், வேலி தாண்டி வந்த அவ்விளைஞரின் குரலை முதலில் கேட்கட்டும்!