வாங்குமுன் புடைத்துப் பார்ப்போம்

(பலாபத்வலவில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பங்குச் சந்தை என்பது கொழும்புச் சீமான்களின் விவகாரம். மாத்தளை மிளகுத் தோட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இச்சபையிலும் இருத்தல் கூடும். தொடர்பு உண்டு. அது நம் பாட்டன்மார் காலத்துத் தொடர்பு. 1896ஆம் ஆண்டிற் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கம் தோன்றியதன் நோக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு வேண்டிய முதலைத் திரட்டுவதேயாகும். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கைகள் நம்மவருடையவை; பங்குப் பத்திரங்களோ பிறர் பெட்டியில் இருந்தன.

1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் அத்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டன. 1995 முதல் அவற்றின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. அத்திட்டத்தின்படி நூற்றுக்குப் பத்துப் பங்குகள் தொழிலாளருக்கே இலவசமாக ஒதுக்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அப்பத்திரம் என்ன உரிமையைத் தருகிறது, அதன் பெறுமதியை எங்ஙனம் கணிப்பது என்பதைத் தொழிலாளிக்கு அவன் மொழியில் விளக்கியவர் எத்தனை பேர்? பங்கு கைக்கு வந்தும் அறிவு கைக்கு வராவிடின் அது வெறுங் கடதாசியே.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2020 முதல் கைத்தொலைபேசி மூலமாகவே பங்குக் கணக்குத் திறக்கலாம். பலாபத்வலவில் இருந்துகொண்டே கொழும்பில் விற்கும் பங்கை வாங்கலாம். வாசல் திறந்தது நன்று. உள்ளே நுழைபவருக்கு வெளிச்சம் வேண்டாமா?

வெளிச்சமின்றி நுழைந்தோர் கதையை நாம் அறிவோம். 2009இல் யுத்தம் முடிந்தபின் கொழும்புச் சந்தை உலகமே வியக்குமளவுக்கு ஏறியது. 2011இன் தொடக்கத்தில் உச்சியைத் தொட்டது, பின்னர் சரிந்தது. சந்தையைக் கண்காணிக்க வேண்டிய பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர் இருவர், 2011 டிசம்பரில் ஒருவரும் 2012 ஆகஸ்டில் மற்றவருமாகப் பதவி துறந்தனர். மீண்டும் 2022 ஜனவரியில் விலைச் சுட்டெண் 13,000ஐக் கடந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. 18ஆம் திகதி முதல் ஒரு வாரம் சந்தையே மூடிக் கிடந்தது. ஏற்றத்தின் கடைசி நாட்களில் அயலவர் சொற்கேட்டு வாங்கிய சிறு முதலீட்டாளர் தலையிலேயே சுமை விழுந்தது.

இக்குறையைப் போக்கவென்று இப்போது எளிய ஆய்வுக் கருவிகள் பல வந்துள்ளன. கம்பனியின் பெயரைத் தட்டினால் போதும். பச்சை, சிவப்பு என்று நிறங் காட்டும். பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடும். இவற்றை நாம் வெறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கொண்ட வருடாந்த அறிக்கையை வயலிலிருந்து வந்த மனிதன் எப்பொழுது படித்து முடிப்பான்? எளிமை வேண்டும். ஆனால், சட்டம் பயின்ற நாம் ஒன்று சொல்வோம்: கருவி தரும் புள்ளி சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணையிற் சோதித்துப் பார்க்க நீதிமன்றம் இடமளிக்கிறது.

ஓர் உதாரணம் கேளுங்கள். ஒரு கம்பனிக்கு ஒரு கோடிப் பங்குகள். ஆண்டு இலாபம் ஐந்து கோடி ரூபாய். பங்கொன்றுக்கு இலாபம் ஐந்து ரூபாய். சந்தை விலை நாற்பது ரூபாயாயின், இலாபத்தின் எட்டு மடங்கு விலை. அதையொத்த ஏனைய கம்பனிகள் பன்னிரண்டு மடங்கில் விற்றால், கருவி உடனே பச்சை விளக்குக் காட்டும். ஆனால், அந்த ஐந்து கோடியில் மூன்று கோடி காணி விற்றதால் வந்ததாயின்? அடுத்த ஆண்டு விற்பதற்குக் காணி ஏது? நிலையான இலாபம் இரண்டு கோடி. பங்கொன்றுக்கு இரண்டு ரூபாய். அப்போது விலை எட்டு மடங்கன்று, இருபது மடங்கு! 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது, வெளிநாட்டு நாணயத்தில் வருமானம் பெற்ற கம்பனிகள் பலவற்றின் இலாபம் ரூபாய்க் கணக்கிற் பருத்துத் தோன்றியதும் இவ்வகையே.

மிளகு வாங்குபவன் நிறத்தை மட்டுமா பார்க்கிறான்? நீரில் இட்டுப் பார்க்கிறான். பொக்கு மிளகு மிதக்கிறது. கலந்த பப்பாசி விதையும் மிதக்கிறது. அந்தப் புத்தியைப் பங்குக்கும் பயன்படுத்துங்கள். ஐந்து கேள்விகள் போதும். கம்பனி எதை விற்றுப் பிழைக்கிறது? இலாபம் தொழிலால் வந்ததா, ஒருமுறை விற்பனையால் வந்ததா? அந்த இலாபம் காசாக வந்து சேர்ந்ததா, கணக்கேட்டில் மட்டும் உள்ளதா? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு? கணக்காய்வாளர் தம் அறிக்கையில் ஏதேனும் ஐயந் தெரிவித்துள்ளாரா? இவற்றுக்கு விடை காணப் பணங் கொடுக்க வேண்டியதில்லை. நிரற்படுத்தப்பட்ட கம்பனிகள் காலாண்டுக் கணக்குகளைப் பகிரங்கமாக வெளியிடக் கடமைப்பட்டவை.

கருவியைப் பற்றியும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை ஆக்கியவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நாம் அடிக்கடி வாங்கி விற்பதால் அவருக்குத் தரகு கிடைக்குமாயின், அவர் ஆலோசனையைப் பாதி விலைக்கே மதியுங்கள். மாதந்தோறும் நிச்சய இலாபம் என்றும், ஆள் சேர்த்தால் பங்கு என்றும் எவராவது சொன்னால், அது முதலீடே அன்று. வங்கித் தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு அத்தகைய பிரமிட் திட்டங்களைக் குற்றமெனத் தடை செய்துள்ளது. பெண்டிர் நகையை அடகு வைத்தும், காணி உறுதியை ஈடு வைத்தும் பங்கு வாங்காதீர்கள்.

இவை தனி மனிதர் கடமை. அரசிடம் நாம் கேட்பதும் ஒன்றுண்டு. மக்கள் பணத்தைப் பெறும் ஒவ்வொரு கம்பனியும், காலாண்டுதோறும் மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் விடையாக ஒரே பக்கச் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். பணத்தை நம் மொழியில் கேட்டு வாங்குகிறவர், கணக்கையும் நம் மொழியில் காட்டுவதே நீதி. இது சலுகை அன்று, பங்காளனின் உரிமை. சிங்கள விவசாயிக்கும் இதே குறை உண்டு. ஆகவே இக்கோரிக்கையில் அவரும் நம்மோடு நிற்பார்.

இங்கிருந்து மாத்தளை செல்லும் வழியில் அலுவிகாரை உள்ளது. வாய்மொழியாக வழங்கிய பௌத்த மறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென்பர். வாய்ச்சொல் மாறும், எழுத்து நிற்கும் என்பதை அன்றே உணர்ந்தனர். நாமும் காதிற் கேட்டதை விட்டு, எழுதி வைத்த கணக்கைப் படிப்போம். இவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் ஒருமுறை கூடி, ஒரு கம்பனியின் கணக்கை ஆசிரியரும் கணக்காளரும் விவசாயியும் ஒன்றாக வாசிக்கத் தொடங்குங்கள். அடுத்த மாதமே தொடங்குங்கள். விளக்கஞ் சொல்ல நாம் வருவோம்.