அழாத பிள்ளைக்கும் வலி உண்டு

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற நன்கொடையாளர் சிறப்பிப்பு நிகழ்ச்சியில், நிர்வாகக் குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆற்றிய உரை)



“வாத்தியாரே, பிள்ளைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்” என்று தலைவர் கேட்டுக்கொண்டார். படிப்பைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் இன்று பேசப்போவது வேறு ஒரு பிள்ளையைப் பற்றி. கீழே விழுந்து, கையை ஒடித்துக்கொண்டு, மருத்துவமனை பெஞ்சில் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளை அது.

முதலில் என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு. நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இளம் ஆசிரியன். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் ஜம்பு மரத்திலிருந்து விழுந்துவிட்டான். முன்கை வளைந்து தொங்கியது. பால்வெட்டுக்குப் போயிருந்த அவன் தாயாருக்கு ஆள் அனுப்பி, அவரையும் ஏற்றிக்கொண்டு, தோட்டத்து வேனில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பதிவு செய்து உட்கார்ந்தபோது மணி பதினொன்று. டாக்டர் அவனைப் பார்த்தபோது மூன்றைத் தாண்டிவிட்டது.

பையன் முதலில் முனகினான். சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. “ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது, வாயை மூடு” என்று அதட்டினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டான். இடையில் தாதி ஒருவர் வந்து, “சாக்கிட்?” என்று மலாயில் கேட்டார். பையன் அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். பிறகு இல்லை என்று தலையாட்டினான். தாதியும் போய்விட்டார். நான்கு மணி நேரத்தில் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே உதவியை நான்தான் தடுத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு திருவிழா அன்னதானப் பந்தியில் அவனைச் சந்தித்தேன். இப்போது லாரி ஓட்டுகிறார். பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, “கை ஒடிஞ்சதே மறந்துபோச்சு சார். அந்த பெஞ்சுதான் மறக்கல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அப்படியானால் அழாத பிள்ளை? நாம் அதட்டி அடக்கிவைத்த பிள்ளை?

அன்பர்களே, காத்திருப்பது ஏன் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அவசரச் சிகிச்சைப் பிரிவு வங்கி போன்றதன்று. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு அங்கே இல்லை. வாசலில் ஒரு மேசை இருக்கும். அங்கே தாதியோ மருத்துவ உதவியாளரோ நோயாளியைப் பார்த்து, உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணித்து வகைப்படுத்துவார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற பிரிவுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மூச்சு நின்றவரும் நெஞ்சுவலிக்காரரும் நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவரும் முன்னே போவார்கள். அது நியாயம். நம் பிள்ளையின் ஒடிந்த கை உயிரைப் பறிக்காது, ஆகவே அது பின்னால் நிற்கும். குவாலா குபு பாரு, தஞ்சோங் காராங், செலாயாங், சுங்கை பூலோ என்று எங்கே போனாலும் முறை இதுதான். தாதியரையும் டாக்டர்களையும் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வரிசை டாக்டரைப் பார்ப்பதற்கு. வலி குறைவதற்கு வரிசை தேவையில்லை. காத்திருப்பதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். வலியோடு காத்திருப்பதைத் தவிர்க்க முடியும்.

இது இந்த வாத்தியாரின் ஆசை மட்டுமன்று. நாடித்துடிப்பு, உடல் வெப்பம், சுவாசம், இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் உயிர்க்குறிகளாக மருத்துவமனைகள் குறித்து வந்தன. 2008இல் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்த்தது. காய்ச்சலை அளப்பதுபோல் வலியையும் அளந்து எழுத வேண்டும் என்பது அதன் பொருள். 2011இல் ‘வலியற்ற மருத்துவமனை’ என்ற திட்டமும் தொடங்கியது. செலாயாங் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய வலி நிவாரண நிபுணர் டாக்டர் மேரி கார்டோசா இந்த முயற்சிகளில் முன்னின்றவர்களுள் ஒருவர்.

வலியை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். பெரிய பிள்ளையானால் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். சின்னப் பிள்ளையானால் சிரிக்கும் முகம் தொடங்கி அழும் முகம் வரை வரைந்த படத்தைக் காட்டித் தொடச் சொல்வார்கள். பேசத் தெரியாத குழந்தையானால் அதன் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்ட எனக்கு, அன்று அந்த ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் போடத் தெரியவில்லை.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பியதுண்டு. மேல்நாட்டு மருத்துவமனைகளில்கூட, அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, வலிக்குப் போதிய மருந்தில்லாமல் சிசுக்களுக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை அசைத்தவர்களுள் முக்கியமானவர், இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். வலி மருந்து பெற்ற குறைமாதச் சிசுக்கள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறின என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் காட்டினார்கள். 2020இல் வலி ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் தன் விளக்கத்தைத் திருத்தி எழுதியபோது, சொல்ல இயலாதவருக்கும் வலி இருக்கலாம் என்பதைச் சேர்த்தே எழுதியது.

நம்மிடம் இருக்கும் சில தயக்கங்களையும் பேச வேண்டும்.

“வலி மருந்து கொடுத்தால் டாக்டருக்கு நோய் தெரியாமல் போய்விடும்” என்பார்கள். அப்படியில்லை. வலி தணிந்த பிள்ளை அசையாமல் கையைக் காட்டும், எக்ஸ்ரே எடுப்பதும் சுலபம். “பழக்கமாகிவிடும்” என்பார்கள். காயத்துக்கு மருத்துவர் அளவோடு ஒருமுறை கொடுக்கும் மருந்தால் பிள்ளை அடிமையாகிவிடாது. “ஊசி என்றால் பயப்படுவான்” என்பார்கள். ஊசி ஒன்றுதான் வழி என்பதில்லை. திரவ மருந்து உண்டு. வலி கடுமையானால் மூக்கில் தெளிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. அது சில நிமிடங்களில் வேலை செய்யும்.

இன்னும் ஒன்று. நாம் காவடி எடுக்கும் சமூகம். அலகு குத்துகிறோம், தீ மிதிக்கிறோம். வலியைத் தாங்குவது நமக்குப் பெருமை. ஆனால் காவடி எடுப்பவர் விரதமிருந்து, மனத்தைத் தயார் செய்து, தானே விரும்பி ஏற்றுக்கொள்கிறார். மருத்துவமனை பெஞ்சில் இருக்கும் பிள்ளை எந்த நேர்த்திக்கடனும் வைக்கவில்லை. அதன் வலியில் யாருக்கும் புண்ணியமில்லை.

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைப்பேற்று வலியில் இரத்தினாவதி தவிக்கிறாள். தாயோ காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நிற்கிறாள். வெள்ளம் வடியட்டும், அதுவரை பொறுத்துக்கொள் என்று இறைவன் சொல்லவில்லை. தாயின் உருவில் தாமே வந்து அருகிருந்தார் என்பது தலவரலாறு. கூட்டம் நிறைந்த அவசரப் பிரிவும் ஒரு வெள்ளம்தான். அது வடிகிற வரையில் பிள்ளையின் வலியை யார் பார்ப்பது? அருகில் இருக்கும் நாம்தான்.

ஆகவே தாய்மார்கள் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீக்காயமோ சுடுநீர்க் காயமோ என்றால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். அதுவே முதல் வலி நிவாரணி. பற்பசை, கிச்சாப், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கை கால் ஒடிந்ததுபோல் தெரிந்தால், சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுக்காதீர்கள். அட்டையோ பலகையோ வைத்து, அசையாதபடி துணியால் கட்டுங்கள். அசைவு நின்றாலே வலி குறையும்.

வீட்டில் பாராசிட்டமோல் இருந்தால் பிள்ளையின் எடைக்கேற்பக் கொடுக்கலாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. இருபது கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பாட்டிலுக்குப் பாட்டில் மருந்தின் அடர்த்தி மாறும், எழுத்தைப் படித்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சலும் இருந்து டிங்கி சந்தேகம் உண்டென்றால் இபுப்ரோஃபென் வேண்டாம். பெரிய காயமானால் சோறு, பால் கொடுக்காமல் அழைத்துச் செல்லுங்கள், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் 999 அழையுங்கள்.

மருத்துவமனை வாசல் மேசையில் மூன்று செய்திகள் சொல்லுங்கள். என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தோம், பத்துக்கு எத்தனை வலி. பிறகு பணிவாகக் கேளுங்கள்: “காத்திருக்கிறோம், அதற்கு முன் வலிக்கு மருந்து தர முடியுமா?” மலாய் வராவிட்டால் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வலி கூடினால் மறுபடியும் எழுந்து போய்ச் சொல்லுங்கள். அது சண்டை போடுவதன்று, தகவல் சொல்வது.

சென்ற ஆண்டு என் பேத்தியின் காலில் சுடுநீர் கொட்டிவிட்டது. அதே காத்திருப்புதான், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆனால் இம்முறை வாசலிலேயே கேட்டோம். தாதி முகப்படத்தைக் காட்டினார், பிள்ளை அழும் முகத்தைத் தொட்டாள், மருந்து வந்தது. அரை மணியில் என் மடியில் தூங்கிவிட்டாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்தபோது ஜம்பு மரத்துப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

நன்கொடையாளப் பெருமக்களே, அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் டிரஸர் இருந்தார். காயத்துக்குக் கட்டுப்போட நடந்தே போகலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான்களுக்கு வந்த பிறகு அந்த முதல் கை இல்லை. அந்த இடத்தை ஆலயம் கொஞ்சமேனும் நிரப்பலாம். இந்த மண்டபத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி, தமிழிலும் மலாயிலும் அச்சிட்ட முகப்பட அட்டை வீட்டுக்கு ஒன்று, இரவில் வாகனமில்லாத குடும்பத்துக்கு உடன் வர இரண்டு தொண்டர்கள். இவற்றை நிர்வாகத்தின் முன் வைத்திருக்கிறேன். பெருஞ்செலவில்லை. கோபுரத்துக்குக் கொடுக்கும் கை இதற்கும் கொடுக்க வேண்டுகிறேன்.

இனி அடிபட்ட பிள்ளையிடம் “அழாதே” என்று சொல்லாதீர்கள். “எங்கே வலிக்குது, எவ்வளவு வலிக்குது, சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக.