ஆரவாரத்தினுள் ஓர் அபயக் குரல்

'ராக்' என்னும் மேனாட்டு இசையை வெறும் கூச்சல் என்று ஒதுக்குவோர் உளர். முரசொலியும் மின்சாரக் கித்தாரின் முழக்கமும் செவியை நிறைக்கும்போது சொற்கள் நம் கவனத்திற்குத் தப்பிவிடுகின்றன என்பது உண்மையே. அவ்வாறு தப்பிய ஒரு சொல்லைப் பற்றியே மாணவ நேயர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

1965-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'பீட்டில்ஸ்' குழுவினர் நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில் நடித்தனர். படத்திற்கு 'ஹெல்ப்' என்று பெயர் முடிவாயிற்று. அப்பெயரில் ஒரு பாட்டும் வேண்டியிருந்தது. ஜான் லெனன் எழுதினார். 'உதவி' என்பதே அச்சொல்லின் பொருள். இளமையில் எவர் துணையும் நாடாதிருந்த ஒருவன், இப்பொழுது தன்னம்பிக்கை தளர்ந்து, பிறர் கைகொடுக்க மாட்டாரா என ஏங்கி நிற்கிறான். இதுவே பாட்டின் கருத்து. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்த இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. அது மெய்யான வேண்டுகோள் என்று யாருக்குத் தோன்றும்? எழுதியவருக்கே அது பின்னர்தான் விளங்கிற்று. அந்நாளில் தாம் உள்ளம் சோர்ந்து, உண்மையாகவே உதவிக்குக் கதறியதாக லெனன் பிற்காலத்தில் கூறினார்.

பாட்டின் வேகமே துயரத்திற்குத் திரையாயிற்று. விற்பனையைக் கருதி அதை விரைவுபடுத்தியது தமக்கு உவப்பாயில்லை என்றும் அவர் சொன்னதுண்டு. துணைக்குரல்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. வழக்கமாக அவை முதற்குரலைப் பின்தொடரும். இங்கோ சில சொற்களைத் தோழர்களே முந்திச் சொல்லிவிடுகின்றனர். தன் வேதனையைத் தானே முதலில் சொல்லவும் அவனுக்கு இடமில்லை போலும்! விடுதியில் உங்களோடு தங்கியிருக்கும் நண்பன், "என்னால் இனி முடியாதப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வதில்லையா? நாமும் சிரித்துவிட்டு உணவுக்கூடத்திற்குப் போய்விடுகிறோம்.

லெனனின் துயரத்திற்கு வேர் ஆழமானது. தந்தை கப்பலில் பணிபுரிந்தவர். மைந்தனோடு வாழ்ந்த காலம் சொற்பம். சிறுவனை வளர்த்தவர் பெரியம்மா. அன்னை ஜூலியா 1958-இல் மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். அப்பொழுது லெனனுக்கு வயது 17. 1970-இல் அவர் ஆர்தர் ஜானவ் என்னும் உளவியலாளரிடம் சிகிச்சை பெற்றார். அடக்கிய குழந்தைப் பருவ வேதனையைக் கதறி வெளியிட வேண்டும் என்பது அவரது கொள்கை. அதற்குப் போதிய சான்றில்லை என்பர் இன்றைய அறிஞர் பலர். சிகிச்சையின் பயன் எதுவாயினும், அவ்வாண்டின் இறுதியில் 'மதர்', அதாவது 'தாய்', என்னும் பாட்டு வெளிவந்தது.

சாவு மணியோசையோடு அது தொடங்குகிறது. பியானோ, தாழ்சுரக் கித்தார், முரசு ஆகியவை மட்டுமே உடன் ஒலிக்கின்றன. நடையும் மிக மெதுவானது. பாட்டு என்ற அளவில் முந்தையதே செப்பமானது என்பது என் எண்ணம். ஆயினும் இதில் சொற்கள் ஒன்றேனும் நம் செவிக்குத் தப்புவதில்லை. இறுதியில் தாயையும் தந்தையையும் அவர் மீண்டும் மீண்டும் கூவியழைக்கிறார். குரல் கரகரத்து, பண் சிதைந்து, கதறலாகவே ஆகித் தேய்ந்து மறைகிறது. முந்திச் சொல்லத் துணைக்குரல் எதுவும் அங்கில்லை.