பட்டாணி முளைத்த படம்



குறும்படம் எடுக்கப் போகிறீர்கள். அதற்காகப் பல குறும்படங்களைப் பார்த்தும் வருகிறீர்கள். சந்தோஷம். ஆனால் சாமி கும்பிடுகிறவனைப் போல வாய்பிளந்து பார்ப்பதில் பிரயோஜனமென்ன? இதை எப்படி எடுத்தான் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

1912-ல் தாதாசாகிப் பால்கே ஒரு பட்டாணி விதையை வைத்து, நாள்தோறும் சிறுகச் சிறுகப் படம்பிடித்தார். திரையில் அது நிமிஷத்தில் முளைத்துக் கொடியாயிற்று! மந்திரமா? காமிராவும் பொறுமையுந்தான். அதைக் காட்டியே பணமும் திரட்டினார். அந்தப் பணத்தில் 1913-ல் வந்தது எது? அரிச்சந்திர புராணம்! விதை வளர்வதைக் காட்டிய கருவி, கடவுள் தோன்றுவதைக் காட்டப் போய்விட்டது.

உங்கள் கதையில் ஒரு சாமியாடி வருகிறானாமே. ஆடட்டும். தட்டில் விழும் காசையும், அதை எண்ணுகிறவன் கையையும் சேர்த்துப் பிடியுங்கள்.