டாங்கியும் ஈர நிலமும்



போர்க்களத்துப் படைக்கலங்களுள், காண்பவர் நெஞ்சில் அச்சத்தையும் வியப்பையும் ஒருங்கே விளைவிப்பது டாங்கி. நகரும் கோட்டை என்று அதனைச் சொல்வதுண்டு. அக்கோட்டை எதனால் வலிமை பெறுகிறது, எங்கே வலிமை இழக்கிறது என்பதை இன்று ஆராய்வோம். குத்தாலத்தைச் சூழ்ந்த காவிரிக் கழனிகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பாதி முன்னரே தெரிந்ததுதான். அந்தப் பாதி சேற்றைப் பற்றியது.

டாங்கியின் ஆற்றல் மூன்று வகைப்படும்: சுடும் பீரங்கி, காக்கும் கவசம், கடந்து செல்லும் திறன். சென்னையை அடுத்த ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்வோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட அதன் புதிய வடிவம் ஏறத்தாழ 68 டன் எடையுள்ளது. அதன் பீரங்கியின் உள்விட்டம் 120 மில்லிமீட்டர். எஞ்சினின் ஆற்றல் 1,400 குதிரைத்திறன். உள்ளே இருப்பவர் நால்வர்.

இத்துணை எடை நிலத்தில் புதையாமல் செல்வது எவ்வாறு? சக்கரங்களுக்கு அடியில் சங்கிலிப் பட்டை விரிந்து கிடக்கிறது. எடை முழுவதும் அப்பட்டையின் பரப்பில் பகிர்ந்து அமைவதால், ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்தின்மீது விழும் அழுத்தம் சராசரியாக ஒரு கிலோ அளவைத் தாண்டுவதில்லை. சாதாரண மோட்டார் காரின் டயர் தரும் அழுத்தம் இதனினும் மிகுதி.

இனிக் குறைகளைக் காண்போம். கவசம் எல்லாப் பக்கமும் ஒரே கனமுடையதன்று. அவ்வாறு அமைத்தால் வண்டி நகரவே இயலாது. ஆதலால் முன்புறத்தைத் தடிப்பாக்கி, பக்கங்களையும் பின்புறத்தையும் மேற்புறத்தையும் மெல்லியனவாக விடுகிறார்கள். மூடிகளை அடைத்துக்கொண்டால் உள்ளிருப்போர் பார்வை சுருங்கும். தலையை வெளியே நீட்டினால் உயிருக்கு ஆபத்து. ஒரு கிலோமீட்டர் செல்லவே பல லிட்டர் எரிபொருள் வேண்டும். வாய்க்காலுக்கு வாய்க்கால் குறுக்கிடும் நம் வட்டாரத்தில், சிறு பாலங்கள் பல அதன் எடையைத் தாங்கமாட்டா.

எல்லாவற்றினும் பெரிய குறை ஈர நிலம். களிமண் நீரை உண்டு குழைந்தபின், அந்தச் சிறு அழுத்தத்தையும் தாங்காது. பட்டை அமிழ, வண்டியின் அடிவயிறு நிலத்தில் தட்டும். பிறகு பட்டை வெறுமனே சுழலுமேயன்றி வண்டி அசையாது. நடவுக்குச் சேறு கலக்கிய வயலில் உழுவதற்கு, டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

முதல் உலகப் போரிலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. பிரிட்டன் டாங்கியை மறைவாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லியே 'டாங்க்' என்னும் பெயரை அதற்கு இட்டது. பெயரளவில் தொட்டியான அது, 1917-இல் பெல்ஜிய நாட்டுப் பாஷன்டேல் களத்தில் மழைச் சேற்றில் சிக்கித் தவித்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரான்சு நாட்டுக் கம்பிரே என்னும் இடத்தின் கெட்டியான தரையில் அதே வகை வண்டிகள் பகைவர் அரணைப் பிளந்தன.

நம் நாட்டில் இதன் பெரும் சான்று பஞ்சாபின் கேம்கரண் பகுதியிலுள்ள அசல் உத்தர். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் கவசப் படை, அமெரிக்காவில் செய்த பாட்டன் டாங்கிகளுடன் அங்கே முன்னேறியது. நம் நான்காவது மலைப் படைப்பிரிவு, பிரிகேடியர் தியோகராஜின் கவசப் படையோடு சேர்ந்து, குதிரை லாட வடிவில் அணிவகுத்துக் காத்திருந்தது. கால்வாய் நீரை வயல்களில் பாய்ச்சினர். கரும்புக் கொல்லைகளில் நம் டாங்கிகள் மறைந்து நின்றன. பாட்டன்கள் பல சேற்றில் சிக்கின. வேறு பல, மெல்லிய பக்கங்களைக் காட்டித் திரும்புகையில் அடிபட்டன. இந்தியக் கணக்கின்படி அக்களத்தில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97.

அக்களத்திலேதான் கிரனேடியர் படையைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, கவசமே இல்லாத ஜீப்பில் ஏற்றிய பின்னுதைப்பற்ற பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்தினார். அது வீசும் குண்டின் வெடிமருந்து, முன்முகத்தில் கூம்பாகக் குழிந்திருக்கும். வெடித்ததும், குழியைப் போர்த்திய உலோகம் ஊசிபோன்ற தாரையாகிப் பாய்ந்து எஃகைத் துளைக்கும். ஆனால் சுட்டவுடன் பின்னால் எழும் புழுதியும் புகையும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்; உடனே இடம் மாறாவிடில் சாவு உறுதி. அதனை அறிந்தும் அவர் மீண்டும் மீண்டும் சுட்டார். செப்டம்பர் 10-ஆம் நாள் களத்திலேயே மாண்டார். பரம்வீர் சக்கரம் அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

பாட்டன் தாழ்ந்த டாங்கி என்று இதனால் கருதிவிடலாகாது. அது அக்காலத்தின் சிறந்த டாங்கிகளுள் ஒன்று. சேறு கட்சி அறியாது. நம் டாங்கி இறங்கியிருப்பினும் அமிழ்த்தியிருக்கும். நிலத்தை அறிந்து நின்றவர் வென்றனர். அறியாது புகுந்தவர் தோற்றனர்.

2022-இல் தொடங்கிய உக்ரேன் போரில், சிறு ஆளில்லா விமானங்கள் டாங்கியின் மெல்லிய மேற்புறத்தைத் தேடித் தாக்கின. அதனால் டாங்கியின் காலம் முடிந்தது என்பார் உளர். ஆயினும் பகைவர் குண்டுமழையின் ஊடே பீரங்கியைக் கொண்டுசெல்ல வேறு வண்டி இன்னும் வாய்க்கவில்லை. காலாட்படை, விமானம், பாலம் அமைப்போர், பழுது பார்ப்போர் ஆகிய அனைவரும் உடன் நின்றால் டாங்கி கோட்டை. தனித்து விடப்பட்டால் நால்வரை அடைத்த இரும்புப் பெட்டி.

மாணவர்களே, இயந்திரத்தின் பெருமையை அறிவதோடு நில்லாமல், அது எந்த மண்ணில் நிற்கும், எந்த மண்ணில் நில்லாது என்பதையும் கேட்டறிவதே பொறியியற் கல்வி. சேற்றில் கால் வைத்துப் பழகிய உங்களுக்கு அக்கேள்வி எளிதில் எழவேண்டும்.